பெயரறியாப் பெண்ணின் முகம்

ஓவியங்களைப் பற்றி நம்மவரிடையே பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகளே முதலில் பிறக்கக் காண்கிறோம். "படத்தில் இருப்பவர் யார்?" என்பது ஒன்று. "அச்சாக அப்படியே இருக்கிறதா?" என்பது மற்றொன்று. சாமி படமாயின் எந்தத் தெய்வம் என்கிறோம். தலைவர் படமாயின் எந்தத் தலைவர் என்கிறோம். பெண்ணின் படமாயின் யார் வீட்டுப் பெண் என்கிறோம். பெயர் தெரிந்தவுடன் நமது வேலை முடிந்துவிடுகிறது. சட்டத்துக்கு மாலை சூட்டி, ஊதுவத்தி கொளுத்தி, அப்பால் சென்றுவிடுகிறோம். படத்தைப் பார்த்தல் என்னும் காரியம் மட்டும் நடைபெறுவதே இல்லை.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை தராத ஒரு சிறிய சித்திரத்தை இன்று வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறோம். அதிலுள்ள பெண் யாரென்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. அசலைப் போலிருக்கிறதா என்று ஒப்பிட அசல் இல்லை. ஆயினும் பெண்ணைத் தீட்டிய படங்களுள் உலகம் முழுவதும் அறிந்த சிலவற்றுள் அது ஒன்றாக நிற்கிறது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது? விடையை அச்சித்திரத்தின் உருவ அமைப்பிலேயே தேடுதல் வேண்டும் என்பது நமது துணிபு. அவ்வாறு தேடினால் கிடைக்கும் விடை ஒல்லாந்து தேசத்தோடு நில்லாமல், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நமது பெண்மக்களின் படங்களையும் வந்து தொடுகிறது.

படமும் அதன் வரலாறும்

ஒல்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த யோஹானஸ் வெர்மீர் (1632–1675) என்பார் 1665-ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய தைல வர்ணச் சித்திரம் இது. இன்று ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் காட்சிசாலையில் இருக்கிறது. கித்தானின் உயரம் 44.5 சென்டிமீட்டர், அகலம் 39 சென்டிமீட்டர். நமது வீடுகளில் சுவரில் மாட்டும் சாமி படத்தின் அளவுதான். "முத்து லோலாக்கு அணிந்த பெண்" என்று இக்காலத்தார் அதனை அழைக்கின்றனர். அப்பெயர் ஓவியர் இட்டதன்று.

வெர்மீர் சிறப்புற்று வாழ்ந்தவரல்லர். அவர் தீட்டியனவாக இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 35 சித்திரங்களே. 1675-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கடனாளியாக இறந்தார். ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு ஏறியிருந்த 617 கில்டர் பற்றுக்காக, அவருடைய மனைவி மறு மாதமே இரண்டு சித்திரங்களைக் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. கடைப் பற்று என்பது யாதென்று தோட்டத்து வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நாம் பேசும் இச்சித்திரமோ இருநூறாண்டுகள் ஏறத்தாழ மறக்கப்பட்டுக் கிடந்து, 1881-இல் ஹேக் நகரத்து ஏலமொன்றில் 2 கில்டர் விலைக்கும் 30 காசு ஏலக் கூலிக்கும் போயிற்று. அதனை வாங்கிய டெஸ் டோம்ப் என்பார் 1902-இல் இறந்தபோது காட்சிசாலைக்கு எழுதி வைத்தார்.

இனி, இச்சித்திரம் ஒருவருடைய உருவப்படமே அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அக்காலத்து ஒல்லாந்தரிடையே "ட்ரோனி" என்றொரு வகை இருந்தது. முகம் என்பதே அச்சொல்லின் பொருள். பணம் கொடுத்தவருடைய சாயலைப் பிடிப்பது உருவப்படம். கிழவன், போர்வீரன், கீழைத் தேசத்தான், இளம்பெண் என்று ஒரு மாதிரியைக் காட்டுவது ட்ரோனி. அதற்கு அமர்ந்தவர் யாராயிருந்தால் என்ன என்பது அக்காலத்து வழக்கம். வேலைக்காரியோ, ஓவியரின் மகளோ, யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், தலையில் துருக்கிய மோஸ்தரில் துணியைச் சுற்றிவிட்டார்கள், படம் தயாராகிவிட்டது. 1999-இல் வெளிவந்த ஆங்கில நாவலொன்றும் 2003-இல் வந்த திரைப்படமும் இப்பெண்ணை ஓவியர் வீட்டு வேலைக்காரியாக வைத்துக் கதை சொல்லின. அது கற்பனையே அன்றிச் சரித்திரம் அன்று.

ஆகவே, ஓர் ஆளைக் காட்டுவதற்காக அன்றி, ஒரு மாதிரியைக் காட்டுவதற்காகத் தீட்டப்பட்ட படம் இது. எனினும் அதன்முன் நிற்பவர் எவரும் "இஃது ஒரு மாதிரி" என்று எண்ணுவதில்லை. "இவள் ஒருத்தி" என்றே உணர்கின்றனர். மாதிரியை ஆளாக்கியது எது? அதனை உறுப்புறுப்பாகப் பார்ப்போம்.

உருவ அமைப்பு

முதலில் உடல் நிற்கும் நிலை. நம்மிடமிருந்து விலகி இடப்புறம் நோக்கியவாறு உடல் பக்கவாட்டில் இருக்கிறது. முகம் மட்டும் இடது தோளுக்கு மேலாக நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. உடல் ஒரு திசை, பார்வை ஒரு திசை. இம்முரண்பாட்டினால் படத்துக்குள் ஒரு நிகழ்ச்சி நுழைந்துவிடுகிறது. எதையோ நோக்கி இருந்தாள், யாரோ அழைத்தார்கள், திரும்பினாள். வாய் சிறிது திறந்திருக்கிறது. மறுமொழி சொல்லப் போகிறாளா, சொல்லி முடித்தாளா என்பது விளங்கவில்லை. இன்னும் ஒரு கணம் கழிந்தால் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும்.

ஐரோப்பாவில் அந்நூற்றாண்டுக் கலையைப் பரோக் என்று குறிப்பிடுவர். ஓடுகின்ற கணத்தைப் பிடித்தல், ஒளியையும் இருளையும் மோதவிடுதல், பார்ப்பவனைப் படத்துக்குள் இழுத்தல் ஆகிய மூன்றும் அதன் குணங்கள். ரூபன்ஸ் முதலியோர் அதற்காகச் சுவர் நிறைந்த கித்தான்களில் குதிரைகளையும் தேவதூதர்களையும் சுழலவிட்டார்கள். வெர்மீரோ ஒரு கழுத்தின் திருப்பத்தினால் அதனைச் சாதித்தார். அம்மூன்று குணங்களும் ஒரு சாண் முகத்துக்குள் அடங்கிவிட்டன.

அடுத்தது பின்புலம். இன்று நமக்குத் தெரிவது வெறும் இருட்டு. நாற்காலி இல்லை, சாளரம் இல்லை, வீடு இல்லை. ஆனால் முதலில் அது வெறும் இருட்டாக இருக்கவில்லை. 2018-இல் காட்சிசாலையார் இப்படத்தைக் கண்ணாடி அறையில் வைத்துப் பொதுமக்கள் காண ஆராய்ந்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னால் பச்சைத் திரை ஒன்று மடிப்பு மடிப்பாகத் தொங்கியது என்பது அதனால் தெரிந்தது. அவுரி நீலத்தையும் ஒரு செடியின் மஞ்சட் சாயத்தையும் கலந்து பூசிய மெல்லிய பச்சை, காலத்தால் மங்கிக் கறுத்துப் போயிற்று. தலைத்துணியின் மேற்பகுதியையும் காதையும் பின்கழுத்தையும் ஓவியர் இடம் மாற்றி மாற்றித் தீட்டினார் என்பதும் அப்போது வெளியாயிற்று. ஒரே மூச்சில் பிறந்ததுபோல் தோன்றும் படத்துக்குள் இத்தனை திருத்தங்கள் இருக்கின்றன. கலை தெய்வ அருளால் பொழிவது என்று சொல்லித் திரிவோர் இதனைக் கவனிப்பாராக. அஃது உழைப்பு, அழித்து எழுதும் உழைப்பு.

ஒளியும் வர்ணமும்

ஒளி இடப்புறத்திலிருந்து வருகிறது. நெற்றி, மூக்கு, கன்னம் ஆகியவற்றில் பட்டு, காதையும் கழுத்தையும் அணுகும்போது நிழலாகிறது. இங்கே நமது ஓவியம் பயில்வோர் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அம்மூக்குக்கு அப்பாலுள்ள கன்னத்துக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவே கோடே இல்லை. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் ஒன்றாகக் கரைந்திருக்கின்றன. கோடு போட்டு மூக்கு எழுதிப் பழகிய நம் கண் அங்கே மூக்கைக் காண்கிறது. ஆனால் ஓவியர் அதை எழுதவில்லை. ஒளியைச் சரியாக வைத்தார். மூக்கைப் பார்ப்பவர் கண் அமைத்துக்கொண்டது. இமை மயிர்களும் அவ்வாறே. வெறுங்கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் உண்டென்பதைக் கருவிகளே 2018-இல் காட்டின.

வர்ணங்கள் மிகச் சிலவே. தலையைச் சுற்றிய துணி நீலம், பின்னால் தொங்கும் துணி மஞ்சள், சட்டை மண்நிறம், அதன் கழுத்துப்பட்டை வெள்ளை, உதடு சிவப்பு. இவற்றுள் நீலத்தின் வரலாறு வியப்புக்குரியது. ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி என்னும் கல்லை அரைத்துச் செய்தது அது. அக்காலத்தில் பொன்னோடு வைத்து எண்ணத்தக்க விலையுடையது. பிற ஓவியர்கள் கன்னிமரியாளின் மேலாடைக்கெனப் போற்றி வைத்த நீலத்தை, வெர்மீர் பெயரில்லாத ஒருத்தியின் தலைத்துணிக்குக் கொட்டினார். வெள்ளைக்கு வேண்டிய ஈயம் இங்கிலாந்திலிருந்து வந்தது. சிவப்புச் சாயம் ஒன்று மெக்சிக்கோ முதலிய நாடுகளில் சப்பாத்திக்கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்து கிடைத்தது. ஒரு சாண் முகத்துக்குள் மூன்று கண்டங்களின் சரக்கு இருக்கிறது.

கடைசியாக, வெள்ளைப் புள்ளிகள். கண்மணி ஒவ்வொன்றிலும் ஒரு துளி. கீழுதட்டில் ஈரம் மின்னும் ஒரு தொடுதல். வாயின் கடையில் மிகச் சிறிய ஒன்று. அது 1994-இல் பழைய மெருகையும் பின்னாளைய பூச்சுக்களையும் நீக்கியபோதுதான் மறுபடி வெளிப்பட்டது. இவற்றை மூடிவிட்டால் படம் செத்துவிடும். கண்ணும் வாயும் ஈரமாயிருப்பதால்தான் அவள் மூச்சுவிடுகிறாள்.

முத்து

படத்துக்குப் பெயர் கொடுத்த முத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது முறையன்று. அதை நெருங்கிப் பார்த்தவர்கள் கண்ட செய்தி இது: காதில் மாட்டும் கொக்கி இல்லை. மேலே இடப்புறத்தில் கெட்டியான ஒரு வெள்ளைத் தொடுதல். கீழே கழுத்துப்பட்டையின் வெளுப்பைத் திருப்பிக் காட்டும் மங்கிய ஒரு பூச்சு. இவ்வளவுதான் முத்து! மற்றது கழுத்தின் நிழல். அளவைப் பார்த்தால் இயற்கை முத்தாக இருப்பதும் ஐயத்துக்கிடம். கண்ணாடியிற் செய்த போலி என்பார் உண்டு. தகரமாயிருக்கலாம் என்று வாதித்தாரும் உண்டு.

நாம் இதிலிருந்து அறிவது யாது? நகையைத் தீட்ட ஓவியர் செலவிட்டது இரண்டு தொடுதல். அதன் கீழ்ப்பாதி ஒளியும் முத்தினுடைய சொந்த ஒளி அன்று. சாதாரண வெள்ளைத் துணியிலிருந்து கடன் வாங்கியது. கண்ணுக்கும் உதட்டுக்கும் இட்ட அதே வெள்ளைதான் முத்துக்கும். கண்ணின் ஒளியை முத்து எதிரொலிக்கிறதே தவிர, முத்தின் ஒளியால் கண் விளங்கவில்லை. சிராங்கூன் சாலையின் நகைக்கடை விளம்பரங்களில் வரும் மணப்பெண் படங்களை இதனோடு வைத்துப் பாருங்கள். அங்கே ஒட்டியாணத்தின் கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். பெண்ணின் முகமோ நகைக்கு மாட்டிய ஆணியாக இருக்கிறது. இவ்விரு படங்களுக்குமுள்ள வேறுபாடு வெளிச்சத்தை எங்கே வைப்பது என்னும் ஒரு தீர்மானத்தில் அடங்கியிருக்கிறது.

முத்து என்றவுடன் தமிழர் மனம் கொற்கைக்கும் தூத்துக்குடிக்கும் போவது இயல்பு. 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்துக் கம்பெனியார் தூத்துக்குடியையும் மன்னாரையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். முத்துக்குளிப்பின் வருமானம் அவர்கள் கைக்குப் போயிற்று. அக்கம்பெனியின் ஆறு கிளைச் சபைகளுள் ஒன்று வெர்மீரின் ஊராகிய டெல்ஃப்ட் நகரிலேயே இருந்தது. இப்படம் அதற்கு ஏழாண்டுகள் அளவில் பிற்பட்டது. இந்த முத்து நமது கடலில் எடுத்தது என்று நாம் கூற வரவில்லை. முத்தே அன்று என்று ஐயுறப்படும் ஒன்றுக்குப் பிறந்த ஊர் ஏது? ஆயினும் முத்தணிந்த பெண்ணின் படம் ஒல்லாந்தில் மோஸ்தராக இருந்த அதே ஆண்டுகளில், இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டிக்கொண்டு மன்னார்க் கடலுள் மூச்சடக்கி இறங்கிய பரதவருடைய முகத்தை எந்த ஒல்லாந்த ஓவியரும் இவ்வாறு தீட்டி வைக்கவில்லை. பரோக் என்னும் சொல்லே ஒழுங்கற்ற முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அந்தச் சொல்லுக்குள் முத்து இருக்கிறது; முத்தெடுத்தவன் இல்லை.

இப்படத்தின் குறையென்று சொல்லத்தக்கதும் இதனோடு சேர்ந்தது. இப்பெண்ணுக்குக் கைகள் இல்லை. படம் தோளோடு முடிந்துவிடுகிறது. அவள் என்ன வேலை செய்து பிழைத்தாள் என்று படம் கேட்கவில்லை. துருக்கிய மோஸ்தர் தலைத்துணியும் வேடிக்கைக்காகச் சுற்றியதுதான். உழைப்பாளியைக் காண விரும்புவோர் வெர்மீரின் மற்றொரு படத்தைத் தேடிச் செல்ல வேண்டும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்திலுள்ள "பால் ஊற்றும் பெண்" என்பது அது. அளவும் ஏறக்குறைய இவ்வளவே. கையை மடித்துவிட்டுக்கொண்டு, வெயிலில் கறுத்த முன்கைகளோடு, பானையிலிருந்து பாலைச் சரிக்கும் சமையற்காரியை ஓர் அரசிக்குரிய கவனத்தோடு அவர் தீட்டியிருக்கிறார். ஆள் யாரென்பதற்கேற்பத் தம் கவனத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பவரல்லர் அவர் என்பதற்கு அதுவே சான்று.

அட்டைப் படங்கள்

இனி நமது ஊருக்கு வருவோம். 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி. ஆர். லம்பர்ட் கம்பெனி முதலான படப்பிடிப்பு நிலையங்கள், இந்நாட்டு மக்களை இனம் இனமாகப் பிடித்து, ஆல்பங்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்கு விற்றன. அவற்றுள் தமிழ்ப் பெண்களும் உண்டு. படத்தின் கீழே "தமிழ்ப் பெண்" என்றோ, நம்மை இழித்துக் கூறும் "கிளிங்" என்ற சொல்லோடு சேர்த்தோ அச்சிட்டிருக்கும். பெயர் இராது. பிற்காலத்தில் தோட்டங்களைப் பற்றி வந்த படங்களிலும் பால்வெட்டும் பெண்ணுக்குப் பெயர் இட்டவர் அரியர்.

வெர்மீரின் பெண்ணுக்கும் பெயர் இல்லை; இவர்களுக்கும் பெயர் இல்லை. அவளும் ஒரு மாதிரியாகவே அமர்ந்தாள். இவர்களும் ஒரு மாதிரியாகவே நிறுத்தப்பட்டார்கள். அவ்வாறாயின் வேறுபாடு எங்கே? அந்த அட்டைகளின் உருவ அமைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் பெண் அசையாமல் நிறுத்தப்பட்டிருக்கிறாள். மூக்குத்தியும் தண்டட்டியும் கழுத்தணியும் சேலைக்கட்டும் தெளிவாகத் தெரியும்படி உடல் திருப்பப்பட்டிருக்கிறது. வெளிச்சம் எல்லாவற்றின்மீதும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது. ஏனெனில், எல்லாம் ஒரே அளவான சரக்கு. கண் எங்கோ பார்க்கிறது. அல்லது பெட்டிக்குள் பார்க்கச் சொன்னதால் பார்க்கிறது. அவள் திரும்பவில்லை. அவளை எவரும் அழைக்கவில்லை.

நாம் கூற வந்த விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஒல்லாந்தர் ஒரு மாதிரியைத் தீட்டத் தொடங்கினார். கழுத்தின் திருப்பமும் கண்ணின் ஈரமும் சேர்ந்து அதை ஓர் ஆளாக்கின. நமது ஊர்ப் படக்காரரோ உயிருள்ள ஓர் ஆளை எதிரே நிறுத்தினார்; நிறுத்திய நிலையும் ஒளி வைத்த முறையும் சேர்ந்து அவளை ஒரு மாதிரியாக்கின. பெயரின்மை இரண்டிலும் ஒன்றே. பார்வை வேறு. ஒருவருக்குப் படம் தருகின்ற கௌரவம், அவருடைய பெயரிலோ குலத்திலோ நகையிலோ இல்லை. எதிரே நின்றவர் அவரை எவ்வாறு பார்த்தார் என்பதில் இருக்கிறது. ஓவிய சாஸ்திரத்தில் உருவ அமைப்பு என்று எதனைச் சொல்கிறோமோ, அதுவே இங்கு ஒழுக்கமும் ஆகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். "புகைப்படம் யந்திரம், ஓவியம் கை வேலை. யந்திரத்தை ஓவியத்தோடு ஒப்பிடலாமா?" என்பர். யந்திரம் எங்கே வைக்கப்பட வேண்டும், ஒளி எங்கிருந்து வர வேண்டும், எந்தக் கணத்தில் மூடியைத் திறக்க வேண்டும் என்பவற்றை யந்திரம் தீர்மானிப்பதில்லை; மனிதனே தீர்மானிக்கிறான். அன்றியும், கையால் தீட்டியது என்பதனாலேயே ஒரு படம் உயர்ந்துவிடாது. ராஜா ரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கிய பின், ஒளியச்சுப் படங்கள் கடல் கடந்தும் பரவின. கோயிலுக்குள் நுழையவிடாத மக்களின் வீட்டுக்குள் அவை தெய்வங்களைக் கொண்டுவந்தன என்ற நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பின்பற்றி வந்த காலண்டர்ப் படங்களில் லட்சுமியின் முகம் எது, சரஸ்வதியின் முகம் எது என்று கையிலுள்ள பொருளை மறைத்துவிட்டுச் சொல்ல முடியுமா? அங்கேயும் முகம் ஒரு மாதிரியே. அந்த மாதிரி முகத்தை, வெளுத்த தோலோடும் சுமந்த நகையோடும், பெண்ணழகின் அளவுகோலாக நம் பெண்மக்கள்மேல் வைத்தோம். கறுத்த பெண் அதன்முன் தலைகுனிந்தாள். இத்தீமை கலையைப் பற்றிய சிறு விஷயமன்று. கலியாணப் பேச்சுவரை சென்று எட்டுகின்ற விஷயம்.

மூன்றாவது ஒரு வழி

தீட்டுபவர் ஆணாகவும் தீட்டப்படுபவள் பெண்ணாகவுமே இருந்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை. தெம்பனிஸிலிருந்து சிட்டி ஹால் நிலையத்துக்கு ஒரே ரயிலில் செல்லலாம். அங்கே பழைய உச்ச நீதிமன்றத்திலும் நகர மண்டபத்திலும் 2015-இல் திறக்கப்பட்ட தேசிய ஓவியக் காட்சிசாலையின் தொகுப்பில், ஜார்ஜெட் சென் என்னும் பெண்மணி 1946-ஐ ஒட்டித் தம்மைத் தாமே தீட்டிய தைல வர்ணப் படம் ஒன்று உண்டு. உயரம் 22.5 சென்டிமீட்டர், அகலம் 17.5 சென்டிமீட்டர். வெர்மீரின் படத்தில் கால்பாகம்கூட இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு. இவ்வம்மையார் பின்னர் சிங்கப்பூருக்கு வந்து, 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார். அச்சிறு படத்தை முகமே நிறைத்திருக்கிறது. பார்ப்பவளும் பார்க்கப்படுபவளும் அங்கே ஒருத்தியே. யாரும் அழைக்கத் தேவையில்லாமல், தன்னைத்தானே நேராக நோக்கிய முகம் அது. வெர்மீரின் பெண் திரும்பிப் பார்த்தாள். இவர் தூரிகையையும் கையில் எடுத்துக்கொண்டார். நமது தமிழ்ப் பெண்மக்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால், மூன்று நூற்றாண்டுக்கு முந்திய ஒல்லாந்தைவிட இது கிட்டியது.

நமது கடமை

வாசகர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இரண்டு.

ஒன்று, பார்க்கப் பழகுதல். வெர்மீரின் இச்சித்திரத்தின் அச்சுப்படம் இன்று பீங்கான் கோப்பையிலும் துணிப்பையிலும்கூட வருகிறது. கலை நூல்கள் உள்ள எந்த நூல்நிலையத்திலும் நல்ல அச்சுப்படம் கிடைக்கும். பிள்ளைகளை அழைத்துச் சென்று அதன்முன் உட்கார வைத்து, "இவள் யார்?" என்று கேட்பதை விடுத்து, "வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இவள் உடல் எந்தப் பக்கம் இருக்கிறது? உன்னை ஏன் திரும்பிப் பார்க்கிறாள்?" என்று கேளுங்கள். மூக்கின் கோடு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கால் மணி நேரம் இவ்வாறு ஒரு முகத்தைப் பார்க்கக் கற்ற பிள்ளை, வீதியில் குப்பை கூட்டும் அம்மாளின் முகத்தையும் பிறகு முகமாகவே பார்க்கும். கல்வியின் பயன்களுள் இதனினும் பெரியது யாதென்று நாம் அறியோம்.

மற்றொன்று, பெயர் எழுதுதல். கலைஞனுடைய கடமை ஒழுங்காகப் பார்ப்பது. குடும்பத்தினுடைய கடமை பெயரைக் காப்பது. தோட்டத்து லயத்திலோ அடுக்குமாடி வீட்டிலோ தகரப் பெட்டியின் அடியில் பாட்டியின் படம் ஒன்று பல வீடுகளில் கிடக்கிறது. கங்காணியாரின் கலியாணத்தில் எடுத்ததாயிருக்கும். கடவுச் சீட்டுக்காக எடுத்ததாயிருக்கும். அவருடைய பெயரும் ஊரும், எந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷம் பால் வெட்டினார் என்பதும் இன்று வீட்டில் ஒருவருக்காவது நினைவிருக்கும். அந்த ஒருவர் போய்விட்டால், அந்தப் படமும் "தமிழ்ப் பெண்" என்னும் அட்டையாகிவிடும். இன்றே அதை எடுத்து, மையெழுத்து படத்தில் ஊறாதபடி பென்சிலால், பின்புறத்தில் எழுதி வையுங்கள். எழுதிய பின் திருப்பி, முகத்தை ஒரு முறை நன்றாகப் பாருங்கள்.